பினாங்கிலிருந்து பிரான்சின் சிறு நகரத்துக்குக் குடிபெயர்கிறோம்: ஊர் பழக என்ன செய்ய வேண்டும்?

பாயான்லெப்பாஸ்_வாணி:

வணக்கம். வீட்டுக்காரருக்கு பிரான்சில் ஆன்ஜே நகரத்தில் இரண்டு வருட வேலை. செப்டம்பர் முதல் வாரம் நானும் பத்து வயது மகனும் அவரோடு போகிறோம். விசா கைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு எனக்கு அரிச்சுவடி அளவுதான்.

பாரிஸ் பற்றி எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரில் குடும்பமாகப் போய் உட்காருவது பற்றித் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. மூன்று நான்கு மாதத்தில் "இது நம்ம ஊர்தான்" என்று மனசுக்குப் பட வேண்டும், அதற்கு என்ன செய்யலாம்? எதை முதலில் பார்க்க வேண்டும், எதை விட்டுப் பிடிக்கலாம்? இங்கிருந்தே முடித்துக்கொண்டு போக வேண்டியது என்ன? மேசை கிரைண்டரும் மிக்ஸியும் அங்கே ஓடுமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல்_ராகவன்:

வாணி, வீடு, வங்கி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பெயரைச் சரிபாருங்கள். நம் ஆட்களுக்கு அங்கே அதிகம் சிக்குவது அதில்தான்.

மலேசியக் கடப்பிதழில் நம் பெயர் ஒரே வரியாக இருக்கும், நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்). பிரெஞ்சுப் படிவங்களில் இரண்டு கட்டம்: 'நோம்' என்றால் குடும்பப் பெயர், 'ப்ரேநோம்' என்றால் சொந்தப் பெயர். வங்கியில் ஒரு மாதிரி, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதிரி, மருத்துவக் காப்புறுதியில் இன்னொரு மாதிரி பிரித்து எழுதிவிட்டால், ஒரு இடத்துத் தாள் இன்னொரு இடத்தில் செல்லாது. கோப்பு திரும்பி வரும், மூன்று நான்கு வாரம் போய்விடும். விசா ஸ்டிக்கரில் உங்கள் பெயரை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதே மாதிரி எழுதுங்கள். சாய்வுக்கோட்டை ஏற்காத இணையப் படிவங்கள் உண்டு. அங்கே கோட்டை விட்டுவிட்டு இடைவெளி போடுங்கள், ஆனால் எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி.

இன்னொன்று. உங்கள் 'குடும்பப் பெயர்' உங்கள் அப்பா பெயர், உங்கள் கணவருடையது அவர் அப்பா பெயர், மகனுடையது உங்கள் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். பள்ளியிலும் காப்புறுதி அலுவலகத்திலும் இதைப் பார்த்து இவர்கள் ஒரே குடும்பமா என்று கேட்பார்கள். வாய்ச் சொல் அங்கே எடுபடாது. தேசிய பதிவிலாகாவில் திருமணச் சான்றிதழ், மூன்று பேர் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் புதிய பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பை பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் தகராறு வராது. ஸ்கேன் அனுப்பினாலே பல பேர் செய்து தருவார்கள்.

விசா ஸ்டிக்கரின் அடியில் உள்ள குறிப்பு வரியையும் படியுங்கள். விஎல்எஸ்-டிஎஸ் (வசிப்பு அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசா) என்றிருந்தால் போய் இறங்கிய 3 மாதத்துக்குள் உள்துறை அமைச்சின் இணையதளத்தில் விசாவை உறுதி செய்து, மின்னணு முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். 'கார்த் த செழூர் ஆ சொலிசித்தே' என்றிருந்தால் அது வேறு வழி: 2 மாதத்துக்குள் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஒரு வகையும் இன்னொருவருக்கு வேறு வகையும் இருக்கலாம். தனித்தனியாகப் பாருங்கள்.

மருத்துவக் காப்புறுதி வேலை பார்ப்பவருக்கு உடனே தொடங்கும். வேலை பார்க்காதவர்களுக்குப் பொதுவாக 3 மாதம் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த 3 மாதத்துக்குத் தனியார் காப்புறுதி இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் காப்புறுதி எண் தற்காலிகமானது, 7 அல்லது 8-ல் ஆரம்பிக்கும். பிறப்புப் பத்திரத்தைச் சரிபார்த்த பிறகு நிரந்தர எண் வரும், ஆணுக்கு 1-ல், பெண்ணுக்கு 2-ல் தொடங்கும். அது வந்த பிறகுதான் கார்த் வித்தால் என்கிற பச்சை நிறக் காப்புறுதி அட்டை கிடைக்கும்.

அட்டை வந்ததும் ஒரு மருத்துவரை உங்கள் 'மெத்சான் த்ரெத்தான்' (வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்) ஆகப் பதிந்துகொள்ளுங்கள். பொது மருத்துவர் கட்டணம் 2024 டிசம்பரிலிருந்து 30 யூரோ. பதிந்தவரிடம் போனால் 70 விழுக்காடு, அதில் 2 யூரோ கழித்து 19 யூரோ திரும்பி வரும். யாரையும் பதியாமல் போனால் 30 விழுக்காடுதான், 2 கழித்து 7 யூரோ. புது நோயாளிகளை ஏற்காத மருத்துவர்கள் நிறையப் பேர், அதனால் காய்ச்சல் வந்த பிறகு தேடாதீர்கள். அவசரத்துக்கு மருத்துவ உதவி 15, தீயணைப்பு 18, போலீஸ் 17, எதுவென்று தெரியாவிட்டால் 112.

---

புக்கிட்மெர்தாஜாம்_சரஸ்:

தங்கச்சி, ராகவன் தாள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நீங்கள் முதலில் கேட்டது மனசுக்குப் படுவது பற்றி. அதற்கு என் பதில்: வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கடை. சின்ன ஊரில் முகம் பதிவது இப்படித்தான். இன்றைக்கு இந்தப் பேரங்காடி, நாளைக்கு வேறொன்று என்று மலிவு தேடி அலைந்தால் ஒரு வருடம் ஆனாலும் நீங்கள் அந்நியர்தான். ரொட்டிக்கு ஒரு கடை, மீனுக்கு ஒரு கடை, காய்கறிக்குச் சந்தையில் ஒரு ஆள் என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்தில் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள்.

கடைக்குள் கால் வைத்ததும் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேராக "இது எவ்வளவு" என்று கேட்டால் முகம் கடுத்துவிடும். நம் ஊரில் மாமாக் கடையில் உட்கார்ந்ததும் "தே தாரிக் ஒன்று" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே அது வாசலில் செருப்போடு உள்ளே நுழைகிற மாதிரி. பேருந்தில் ஏறும்போது ஓட்டுநருக்கு, மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் எல்லோருக்கும் பொதுவாக, மாடிப்படியில் அண்டை வீட்டாருக்கு, எல்லா இடத்திலும் முதல் சொல் அதுதான். புறப்படும்போது "மெர்சி, போன் ழூர்னே, ஓ ர்வுவார்" (நன்றி, நல்ல நாளாகட்டும், போய் வருகிறேன்). பலர் பிரெஞ்சுக்காரர்களைச் சிடுமூஞ்சி என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்லை விட்டுவிடுவதுதான் என்பது என் கருத்து.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'தூ', 'வூ' வேறுபாடு நம் 'நீ', 'நீங்கள்' தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவார்கள், நமக்குக் காது பழகியே இருக்கிறது. ஆனால் கோடு விழும் இடம் வேறு. பிள்ளைகள் அங்கே அப்பா அம்மாவைப் பெரும்பாலும் 'தூ' என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதைக் குறைவு இல்லை. கடைக்காரர், அண்டை வீட்டார், ஆசிரியர் எல்லோருக்கும் 'வூ'. மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்களே, பெரும்பாலும் வயதில் மூத்தவர், கேட்கும் வரை நீங்கள் மாற்ற வேண்டாம்.

மொழி படிக்கும்போது எண்களை முதலில் எடுங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, போவதற்குள் ஒரு சுற்று வகுப்பு முடித்துவிடலாம். ஆனால் புத்தகத்தில் எண்கள் தெரிவது வேறு, காதில் விழுவது வேறு. தொலைபேசி எண் பத்து இலக்கம், அதை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 78 என்பதற்கு "சுவாசாந்த்-தீசுயித்", அதாவது அறுபது-பதினெட்டு. "சுவாசாந்த்" என்று கேட்டதும் 6 என்று எழுதிவிடுவீர்கள், அடுத்த சொல் வந்ததும் அடித்து 7 ஆக்க வேண்டும். 97 என்றால் "கத்ர்-வேன்-தீசெத்", நான்கு-இருபது-பதினேழு. அதனால் 60, 80 காதில் விழுந்தால் பேனாவை நிறுத்தி அடுத்த சொல்லுக்குக் காத்திருங்கள். தினமும் பத்து எண் யாராவது சொல்ல எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். வங்கி, மருத்துவமனை, பள்ளி எல்லாம் உங்களை எண் வழியாகத்தான் பிடிக்கும். கேட்டுப் பழக ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி இருக்கிறது, நாளுக்குப் பத்து நிமிடம்.

சந்தையில் ஒரு விஷயம். நம் பாசாரில் கத்திரிக்காயை அழுத்திப் பார்த்து நாமே பொறுக்குவோம். அங்கே பல கடைகளில் கை வைக்கக் கூடாது, விற்பவர்தான் எடுத்துத் தருவார். பக்கத்தில் கூடை கிடந்தால் நீங்களே எடுக்கலாம், இல்லையென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். இன்றைக்குச் சமைக்கவா, இரண்டு நாள் கழித்தா என்று சொன்னால் அதற்கேற்றதைப் பொறுக்கித் தருவார். நம் கெம்போங் மீனுக்கு (கானாங்கெளுத்தி) நெருங்கியது 'மாக்ரோ', மத்திக்கு 'சார்தீன்'. குழம்புக்கு இரண்டும் எடுபடும். குடல் நீக்கித் தரச் சொன்னால் அங்கேயே செய்து தருவார்கள்.

கடை நேரத்தை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பல சின்னக் கடைகள் 12-லிருந்து 2 மணி வரை மூடியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே அடங்கிவிடும், திங்கள்கிழமையும் நிறையக் கடை திறக்காது. மாதத்தின் முதல் புதன் நண்பகலில் சங்கு ஊதினால் பயப்பட வேண்டாம், அது அபாயச் சங்கின் சோதனை.

---

ஜெலுத்தோங்_பூப்பந்து:

சரஸ் அக்கா சொன்னது கடைத்தெருவுக்கு. நட்புக்கு அங்கே வழி சங்கங்கள்தான். 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த சங்கங்கள் ஊர் ஊருக்கு உண்டு: பாட்டு, தோட்டம், நடைப்பயணம், தையல், பூப்பந்து. நம் ஊரில் மாதிரி நாலு பேர் சேர்ந்து வாட்சாப்பில் பேசி மண்டபம் எடுப்பது அங்கே வழக்கம் இல்லை, சங்கத்தில் சேர்ந்தால்தான் விளையாட்டுக் கூடத்துக்குள் போகலாம்.

வாணி அக்கா, நீங்கள் செப்டம்பர் முதல் வாரம் போகிறீர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். 'ஃபோரோம் தெ சோசியாசியோன்' என்று சங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாள் ஒன்று உண்டு. பெரும்பாலான ஊர்களில் செப்டம்பரின் முதல் அல்லது இரண்டாம் வார இறுதியில் வரும். பெட்டியைப் பிரிக்காமல் இருந்தாலும் அன்றைக்குப் போய்விடுங்கள். அதைத் தவறவிட்டால் இடம் நிரம்பிவிடும், அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டி வரும், ஏனென்றால் விளையாட்டு உரிமம் செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்கு. கட்டணம் கட்டுவதற்கு முன் 'செயான்ஸ் தெசே' கேளுங்கள், ஒரு தடவை இலவசமாக ஆடிப் பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொதுவாக மருத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை, உடல்நலக் கேள்வித்தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் மகன் பூப்பந்து ஆடுவான் என்றால் அவனுக்கு மொழியே தேவைப்படாது, முதல் வாரமே கூட்டாளி கிடைத்துவிடுவான்.

பத்து வயது என்றால் பிறந்த வருடத்தைப் பொறுத்து சே.எம்.1 அல்லது சே.எம்.2, இரண்டும் தொடக்கப் பள்ளிதான். பதிவை நகராட்சி அலுவலகத்தில், அதாவது 'மேரி'யில் செய்ய வேண்டும். வீட்டு முகவரிச் சான்று, பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் எடுத்துப் போங்கள். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, இளம்பிள்ளைவாதம் மூன்றும் போட்டதற்கான பக்கம் அவசியம். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கு 'யு.பே.ஏ.2.ஆ' என்ற தனி வகுப்பு உண்டு, பதியும்போதே அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அது எல்லாப் பள்ளியிலும் இருக்காது. பல ஊர்களில் புதன்கிழமை பள்ளி கிடையாது. பிள்ளைகளின் சங்கப் பயிற்சிகள் பெரும்பாலும் அன்றைக்குத்தான். பள்ளி உணவகத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது சைவ உணவு போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மற்ற நாளுக்கு என்ன ஏற்பாடு என்று பதியும்போது கேளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கென்றே ஆ.வே.எஃப் என்று தன்னார்வலர் அமைப்பு பல நகரங்களில் நடக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய, பொறுமையாகப் பேசுவார்கள்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_தேவி:

எல்லாம் சரி. ஆனால் தமிழ் முகம் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? ஆன்ஜேயிலிருந்து பாரிஸ் மோன்பர்நாஸ் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து நான்காம் எண் மெட்ரோ நேராக கார் தூ நோர் ரயில் நிலையத்துக்குப் போகும். வெளியே வந்து லா ஷப்பல் பக்கம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள்தான்: உளுந்து, புழுங்கலரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோவில். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் தேர் ஓடும். மாதம் ஒரு முறை போய் வந்தால் மனசு தெம்பாக இருக்கும்.

---

புக்கிட்மெர்தாஜாம்_சரஸ்:

தேவி, கோவிலுக்கும் தேருக்கும் போகட்டும், நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மூன்று மாதம் சனிக்கிழமைகளைப் பாரிசுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சின்ன ஊரில் சந்தை, சங்கம், பிள்ளையின் கூட்டாளி வீட்டுப் பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமையில்தான் விழும். அன்றைக்கெல்லாம் ஊரில் இல்லையென்றால் முகம் பதியாது. போவதென்றால் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் போய், இரண்டு மாதச் சாமானை வாங்கி வந்துவிடலாம். கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து உறைபெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

---

பாயான்லெப்பாஸ்_வாணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்தேன், எனக்கு ஒரு மாதிரியும் மகனுக்கு வேறு மாதிரியும்தான் பிரித்திருக்கிறார்கள். சமையல் பக்கம் யாராவது சொல்லுங்களேன். நெய், நெத்திலி, மசாலாத்தூள் கொண்டுபோகலாமா? குளிரில் மாவு புளிக்குமா?

---

ஆயர்ஈத்தாம்_அடுப்பங்கரை:

நெய் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளிநாட்டிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுவரத் தடை. மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, அதனால் நெத்திலிக் கருவாடு தாராளமாகப் போகலாம், மணம் வெளியே வராமல் இரண்டு உறை போடுங்கள். காய்ந்த மசாலாத்தூளும் சரி. பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான்! ஆனால் டுரியானை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

நெய்யை அங்கேயே காய்ச்சுங்கள், வெண்ணெய் அவ்வளவு நன்றாக இருக்கும். உறையில் 'தூ' (doux, தமிழில் சொன்னால் உப்பில்லாதது) என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அந்த மேற்குப் பக்கத்தில் உப்பு வெண்ணெய்தான் கண்ணில் அதிகம் படும், 'தெமி-செல்' என்று போட்டிருக்கும். அதைக் காய்ச்சினால் உப்பு அடியில் தங்கிக் கருகும். 250 கிராம் கட்டியில் 200 கிராம் போல நெய் இறங்கும். சின்னத் தீயில் இருபது நிமிடம், சலசலப்பு அடங்கி அடியில் மணல் போலத் தங்கும் கசடு பொன்னிறமானதும் இறக்கிவிடுங்கள்.

மாவு புளிக்கும், நேரம்தான் கூடும். பினாங்கில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது 19 டிகிரி சமையலறையில் பதினாறு, இருபது மணி நேரம் எடுக்கும். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு வைக்கச் சொல்வார்கள், ஆனால் எல்லா விளக்கும் சூடு தருவதில்லை. நிச்சயமான வழி: ஓவனை 50 டிகிரியில் இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு செம்பு கொதிநீரையும் வைத்துக் கதவை மூடுங்கள். நாலு மணிக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். புழுங்கலரிசி கிடைக்காத மாதம் 'ரீ எதுவே' (ஆவியில் வேகவைத்த அரிசி) மூன்று பங்கு, 'ரீ ரோன்' (உருண்டை அரிசி) ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு. மைசூர் பருப்புக்கு எந்தப் பேரங்காடியிலும் 'லாந்தீ கொராய்' என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த குழாய்நீரில் துவரம்பருப்பு குழையாமல் நிற்கும். வடிகட்டிய நீரில் வேக வையுங்கள், அல்லது ஒரு சிட்டிகை சமையல் சோடா.

சன்னல் சட்டத்தின் மேலே சின்னக் காற்றுப் பிளவுகள் இருக்கும். குளிருகிறது என்று அதைத் துணியோ டேப்போ வைத்து அடைத்துவிடாதீர்கள். நம் சமையல் ஆவிக்குப் போக வழியில்லாமல் இரண்டே மாதத்தில் சுவர் மூலையில் கரும்பூசணம் பிடிக்கும், வீட்டை விடும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். குளிர்காலத்திலும் தினமும் பத்து நிமிடம் சன்னலைத் திறந்து வையுங்கள். புகை உணர்கருவி எல்லா வீட்டிலும் கட்டாயம். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்கு மேலே உள்ள புகை விசிறியைப் போடுங்கள், இல்லையென்றால் அலறும்.

கிரைண்டரும் மிக்ஸியும் ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடியில் உள்ள தகட்டில் 220-240 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாற வேண்டியது பிளக். நம் மூன்று கால் பிளக் அங்கே நுழையாது. பிரெஞ்சு சாக்கெட்டிலிருந்து எர்த் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஒரு ஓட்டை வேண்டும். விமான நிலையத்தில் விற்கும் மலிவான பயண அடாப்டர்களில் பெரும்பாலும் அந்த ஓட்டை இருக்காது. கைப்பேசிக்கு அது போதும், ஈரக்கையோடு தொடும் உலோகக் கிரைண்டருக்குக் கூடவே கூடாது. எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்கள், அல்லது மின்பணியாளரைக் கொண்டு 16 ஆம்பியர் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் அறைச் சாக்கெட்டில் எர்த் முள்ளே இல்லாமல் இருக்கலாம், சமையலறைச் சாக்கெட்டிலேயே போடுங்கள்.

கல்லைத் தனியாகக் கழற்றித் துணி சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், உருளை உடையாமல் வரும். அங்கே அரைக்கும்போது கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், மரத்தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு அதிர்வு அப்படியே இறங்கும். இரவு 10 மணிக்கு மேல் காலை 7 வரை வேண்டாம், அந்த நேரத்துச் சத்தத்துக்குப் போலீசைக் கூப்பிடலாம். சனிக்கிழமை மதியம் அரைத்து ஓவனில் வைத்தால் ஞாயிறு காலை இட்லிக்குச் சரியாக இருக்கும்.